இடது ஓரத்தில் நின்றவர்

முத்தாலங்குளத்தில் படம் பார்க்கப் போகிறவர் நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போவதில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, ஆவுடை டாக்கீஸுக்கு நேர் எதிரே இருக்கிற தையல் கடையின் கரும்பலகையைப் படிப்பார், படித்துவிட்டு ஒன்று ரோட்டைக் கடந்து தியேட்டருக்குள் போவார், இல்லையென்றால் பக்கத்தில் மைதீன் பிச்சை கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டைப் பார்க்கத் திரும்புவார். அந்தப் பலகையின் மேல்பாதியில் ‘லைனிங் பிளவுஸ், சுடிதார் தைத்துத் தரப்படும், அவசரம் என்று சொல்லக் கூடாது’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கீழ்ப்பாதியில் வெள்ளிக்கிழமைதோறும், காலைக் காட்சி விட்ட சூட்டோடு, கடைக்காரி தங்கபுஷ்பம் சாக்பீஸால் விமர்சனம் எழுதுவாள்.

அவள் விமர்சனம் நாலு வரிக்கு மேல் போகாது. ஒரு காதல் படத்துக்கு ‘கதாநாயகி அழுகிற நேரம் போக மீதி நேரம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதினாள். இன்னொரு படத்துக்கு ‘இடைவேளை நன்றாக இருந்தது’ என்று எழுதி நிறுத்திக்கொண்டாள். தியேட்டர் முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒரு தீபாவளிக்கு, ஆள் மனசு இளகட்டும் என்று, ஒரு டப்பா பால்கோவாவோடு போய்ப் பார்த்தார். மறுநாள் பலகையில் ‘பால்கோவா நன்றாக இருந்தது, படத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது’ என்று இருந்தது. அதோடு அண்ணாச்சி அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் ரத்தக்கொதிப்பு மாத்திரையைச் சற்று முன்னதாகவே போட்டுக்கொள்ளப் பழகினார்.

தங்கபுஷ்பம் யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்து வைத்ததாக என்மேல் யாரும் வருத்தப்படக் கூடாது. ஐம்பதைத் தாண்டிய அவளுக்கு இடது கண்ணில் புரை விழுந்து அந்தப் பக்கத்து உலகமே கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. திருநெல்வேலியில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷன் செய்துவிடலாம், ஒன்றும் பயமில்லை, ஆனால் துணைக்கு ஓர் ஆள் வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். அவள் மறுபடியும் தனியாகவே போனாள், மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். புருஷன் கல்யாணமான புதிதிலேயே காய்ச்சலில் போய்விட, பிள்ளையும் இல்லாமல் நின்ற அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘உனக்குன்னு ஒரு துணை வேணும்லா’ என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கோபம் வருகிற மாதிரி ஆக்கிவைத்திருந்தார்கள். யாரையும் கூப்பிடுவதைவிட ஒரு கண்ணோடு இருந்துவிடலாம் என்று அவள் ஊசியைத் தடவித் தடவியே நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் ‘விண்ணதிர எண்மர்’ வந்தது. வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்தது. வானத்தைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகப் பார்க்கிற ஒரு ராட்சதனை, எட்டு வீரர்கள் சேர்ந்து தடுக்கிற கதை. ஒருவர் விரலை நீட்டினால் மின்னல், ஒரு பெண்ணுக்கு இரும்புச் சிறகு, ஒருவர் கோபம் வந்தால் மலையாகிவிடுவார், தலைவருக்கு நெஞ்சுக்குள்ளே ஒரு சூரியன். டாக்கீஸ் வாசலில் அவர்களுக்குக் கட்அவுட் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எங்கள் ஊர் இளவட்டங்கள் குடம் குடமாகப் பால் ஊற்றினார்கள். கட்அவுட் ஏழுதான் இருந்தது. எட்டாவதை வைத்தால் டிரான்ஸ்பார்மரில் இடிக்கும் என்றார்கள், அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. படத்திலும் அப்படித்தான். ஏழு பேருக்கும் ஆளுக்கொரு அறிமுகக் காட்சி, விசில், பறக்கிற காகிதம் எல்லாம் உண்டு. எட்டாவது ஆளுக்கு அறிமுகமும் இல்லை, பெயரும் இல்லை. நீலப் போர்வையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, கூட்டமாக நிற்கிற காட்சிகளில் எல்லாம் இடது ஓரத்தில் நிற்பார்.

தங்கபுஷ்பம் எழுதினாள்: ‘எட்டுப் பேர். ஏழு பேருக்கு வேலை இருக்கிறது. இடது ஓரத்தில் நிற்கிற எட்டாவது ஆள் ஒன்றும் செய்யவில்லை, சும்மா நிற்கிறார். அவரை எடுத்துவிட்டாலும் படம் அப்படியேதான் இருக்கும்.’

சனிக்கிழமை மேட்னியில், எட்டுப் பேரும் மெதுவாக நடந்து வருகிற காட்சியில், எட்டாவது ஆள் நடப்பதை நிறுத்தினார், கொஞ்சம் யோசித்தார், போர்வை தடுக்காமல் இருக்க அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரையிலிருந்து கீழே இறங்கினார். காலை மடக்கி வழிவிட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்து, ‘வெளிய போனா திருப்பி விட மாட்டோம், பாத்துக்கிடுங்க’ என்று டிக்கெட் கிழிக்கிறவர் எச்சரித்ததையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சங்கரன்கோவில் பஸ் போகட்டும் என்று நின்று, ரோட்டைக் கடந்து தையல் கடைக்கு முன்னால் வந்து பலகையைப் படித்தார். அந்தப் பலகையைப் படிக்க ஆட்கள் வந்து நிற்பது வழக்கம்தான் என்பதால் ரோட்டில் போகிறவர்கள் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

“இதை எழுதியது தாங்கள்தானா, அம்மையாரே?” என்றார்.

“நாந்தான். என்ன, துணி எதுவும் கொண்டுவந்திருக்கியளா?” என்று மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள் தங்கபுஷ்பம். வந்தவரின் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாக ஓடியது. பேச்சு முடிந்த பிறகும் வாய் சிறிது நேரம் அசைந்துவிட்டுத்தான் நின்றது. அவள் படத்தைப் பார்த்திருந்தபடியால் ஆளை அடையாளம் கண்டுகொண்டாள், கண்டுகொண்டதும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள்.

“நான் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது உண்மையா?”

“எனக்குப் பட்டதத்தான எழுதுவேன். நீங்களே சொல்லுங்க, படத்துல உங்களுக்கு என்ன சக்தி?”

“எனக்குத் தெரியாது. இயக்குநரிடம் கேட்டேன். இடது ஓரம் காலியாக இருக்கிறது, அங்கே போய் நில் என்றார்.”

“பாத்தியளா” என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் பலகையை இன்னொரு தடவை படித்தார். பிறகு, தேவையில்லாத இடத்துக்கு எப்படித் திரும்பிப் போவது என்று தெரியவில்லை என்றார். வியாழக்கிழமையோடு படத்தை எடுத்துவிடுவார்களாமே, அதற்குள் போகாவிட்டால் என்ன ஆவீர்கள் என்று அவள் கேட்டதற்கு, படம் இல்லாத இடத்தில் நான் இருக்க முடியாது, விளக்கைப் போட்டதும் திரையில் இருப்பது எங்கே போகுமோ அங்கே போய்விடுவேன் என்று, ஏதோ பஸ் நேரம் சொல்லுகிற மாதிரி சொன்னார். தாங்கள் சொல்லித்தான் வெளியே வந்தேன், தாங்கள் மாற்றிச் சொன்னால் உள்ளே போக முடியும் என்றும் சொன்னார். தங்கபுஷ்பம் மெஷினை நிறுத்தினாள். ஆனாலும், “பாவம் பாத்துல்லாம் எனக்கு எழுத வராதுய்யா, அப்படி எழுதுனா அது பொய்யி, பொய்யப் பிடிச்சு ஏறி நீங்க எங்க போவிய?” என்றாள். அவரும் அது சரிதான் என்று தலையாட்டினார். தியேட்டர் முள்வேலியில் மாட்டிக் கிழிந்திருந்த போர்வையின் ஓரத்தை அவள் வாங்கி அடித்துக் கொடுத்தாள். போர்வைக்குள்ளே இருந்த உடுப்பைப் பார்த்து, “முதுகுப் பக்கம் ஜிப் வச்சிருக்கான், உங்க ஊர்ல ஒரு டெய்லர் கிடையாதா?” என்று அலுத்துக்கொண்டே ஒரு அரைக்கைச் சட்டையும் தைத்துப் போட்டாள். அன்றைக்கு அவர் மைதீன் பிச்சையின் டீக்கடைப் பெஞ்சிலேயே படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் அவருடைய சக்தியைத் தேட ஆரம்பித்தது. படத்தில் இருக்கிற ஆளுக்கு ஏதாவது ஒன்று இல்லாமலா இருக்கும் என்பது எல்லோருடைய நினைப்பும். ஓடாத மோட்டாரைத் தொடச் சொன்னார்கள், தொட்டார், ஓடவில்லை. காணாமல் போன கம்மல் எங்கே கிடக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள், சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு வெள்ளையடிக்க வேண்டும் என்றார். தண்ணீர்த் தொட்டி மேலே ஏற்றி, பறந்து பாருங்கள் என்றார்கள், ஏறி நின்று ஊரைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று சொல்லி, போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணி வழியாகவே பத்திரமாக இறங்கினார். வாளித் தண்ணீர் தூக்குவதில்கூட அவர் சுமார்தான். ‘ஏ, தங்கபுஷ்பம் சரியாத்தான் எழுதியிருக்கா’ என்று சொல்லிக்கொண்டு சாயங்காலத்துக்குள் எல்லோரும் கலைந்து போனார்கள். எட்டாமவர் என்ற பெயர் மட்டும் அவருக்கு மிஞ்சியது. டாக்கீஸில் அவர் இல்லாத படத்தைப் பார்த்த யாருக்கும் எதுவும் குறைந்த மாதிரித் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆட்டுக்காரி செல்லக்கனி டீக்கடைக்கு வந்தாள். அவளுடைய கிடாய் களவு போய் மாதமாகியும் போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொள்ளாமல், இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். “எய்யா, சும்மாதான இருக்கிய, என்கூட ஸ்டேஷன் வரைக்கும் துணைக்கு வாங்களேன்” என்றாள்.

“நான் அங்கே என்ன செய்ய வேண்டும்?”

“ஒண்ணும் செய்யாண்டாம். பின்னாடி நில்லுங்க, அது போதும்.”

போனார், நின்றார். செல்லக்கனியைப் பார்த்து வழக்கம்போல வாயைத் திறந்த ஏட்டு, அவளுக்குப் பின்னால் இடது பக்கத்தில் நீலப் போர்வையோடு ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறவரைப் பார்த்தார், வாயை மூடினார், நாற்காலியை இழுத்துப் போட்டார், கிடாயின் நிறம் முதற்கொண்டு கேட்டு எழுதிக்கொண்டார். வெளியே வந்த செல்லக்கனி அழுதுவிட்டாள். கிடாய்க்காக இல்லை, தன்னை ஒரு மனுஷியாக நினைத்து உட்காரச் சொன்னார்களே என்று அழுதாள்.

அதற்குப் பிறகு அன்றைக்குப் பகல் முழுக்க எட்டாமவருக்கு ஓய்வில்லை. பல் பிடுங்கப் பயந்து வருஷக்கணக்காகக் கிராம்பைக் கடித்துக்கொண்டிருந்தவருக்குத் துணையாகப் பல் டாக்டர் வாசலில் நின்றார், மாமியாரிடம் ஒரு விஷயத்தைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்ல நினைத்துக்கொண்டிருந்த மருமகளுக்குத் துணையாக அடுப்படி நிலைப்படியில் நின்றார், லைசென்ஸ் எடுக்கப் போய் எட்டுப் போடுகிற இடத்தில் கால் நடுங்குகிற ரேஷன் கடைக்காரருக்குத் துணையாக மைதானத்து ஓரத்தில் நின்றார், பெண் கேட்கப் போனவர்களுக்குப் பின்னால் நின்றார், பெண் பிடிக்கவில்லை என்று சொல்லப் போன வீட்டிலும் அதே போர்வையோடு நின்றார். எங்கேயும் அவர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. ஆனால் அவர் நின்ற இடத்தில் எல்லாம் முன்னால் நின்றவர்களுக்குக் குரல் வந்தது. அவரோடு பேசும்போது உதட்டைப் பார்த்தால் குழப்பம் என்று ஊர்க்காரர்கள் அவர் காதைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார்கள். டீக்கடை முன்னால் அவருக்காக வரிசை நின்றது. அந்த வரிசையில் தனியாக நிற்கக் கூச்சப்பட்டவர்கள் துணைக்கு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ஆவணி மாதத்துக் கல்யாணங்களுக்கே ஆட்கள் அவரிடம் நாள் கேட்டுவிட்டார்கள். வியாழக்கிழமையை யாராவது நினைவுபடுத்தினால், ‘அதெல்லாம் அப்பப் பாத்துக்கிடலாம்’ என்று பேச்சை மாற்றினார்கள்.

எப்படியோ இரண்டு நாள் தாங்கின படம் அந்தத் திங்கட்கிழமை மேட்னியில்தான் கெட ஆரம்பித்தது. கடைசிச் சண்டையில் தலைவர் பாயப் போகிற நேரம், திரும்பி இடது ஓரத்தைப் பார்த்தார். இரும்புச் சிறகுக்காரியும் பார்த்தாள். மலையாக மாற ஆரம்பித்தவர் பாதி மாறிய நிலையில் நின்றுகொண்டு, ‘அவர் எங்கே?’ என்று கேட்டார். பிறகு ஏழு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ராட்சதனும் கொஞ்ச நேரம் உறுமிப் பார்த்தான், யாரும் எழுந்திருக்கவில்லை என்றதும், ஆள் வரட்டும், நானும் இருக்கிறேன் என்று சுருட்டிய வானத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்தான். மேட்னி முடியாததால் சாயங்கால ஆட்டத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சி ஆபரேட்டரிடம் சொல்லி நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் அதே ஏழு பேரும் உட்கார்ந்தார்கள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

“தங்கச்சி, ஒரு வரி மாத்தி எழுது. அவன் வானத்த கக்கத்துலயே வச்சுக்கிட்டு இருக்கான், பாக்கவே பாவமா இருக்கு. அங்க ஏழு பேரு எந்திரிக்க மாட்டேங்காவ. இங்க இந்த மனுஷன் வியாழக்கிழமைக்குப் பொறவு இருக்க மாட்டேங்காரு. உன் கையிலதான இருக்கு?”

“அவரு என்ன செஞ்சாருன்னு எழுத, அண்ணாச்சி? சும்மாதான நின்னாரு?”

“நல்லா நின்னாருன்னு எழுதேன்.”

“உங்க தியேட்டர் தூணுகூடத்தான் நல்லா நிக்கி.”

அண்ணாச்சி திரும்பிப் போனார். அவர் போவதைப் பார்க்க ரோட்டோரத்துக்கு வந்த தங்கபுஷ்பத்தின் இடது பக்கமாக ஒரு பைக் உரசிக்கொண்டு வர, அவள் விலகாமல் நின்றாள். எட்டாமவர் எங்கிருந்தோ வந்து அவளுக்கும் பைக்குக்கும் நடுவில் நின்றார். பைக்குக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

“உங்கள் இடது கண்ணுக்கு நான் தெரியவில்லை, அல்லவா?” என்றார். “எனில் படத்திலும் தாங்கள் என்னைச் சரியாகப் பார்த்திருக்க முடியாது.”

தங்கபுஷ்பத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “வலது கண்ணால பாத்தேன். நீங்க ஒண்ணும் செய்யல” என்று சொல்லிவிட்டு, மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். துணி இல்லாமலே மெஷின் ஓடியது. அவர் போகவில்லை. அவளுடைய கலங்கின பக்கத்தில் அப்படியே நின்றார், தெரு விளக்குப் போடுகிற வரைக்கும் நின்றார், எதையும் கேட்கவும் இல்லை. கடைசியில் அவள்தான் தலையைத் தூக்காமல், “நாளைக்குத் திருநெல்வேலிக்குப் போணும்” என்றாள். இன்னும் கொஞ்சம் பெடலை மிதித்துவிட்டு, “துணைக்கு ஆள் கேக்காங்க” என்றாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அவருடைய போர்வையை இன்னும் மூன்று பேர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், “அம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“இவர் எழுதிய விமர்சனத்தில் தேவையில்லாத ஆள் நான்” என்றார் எட்டாமவர்.

நர்ஸ் அவருடைய உதட்டைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், துணைக்கு ஆள் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு உள்ளே போனாள். அவர்களுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. தங்கபுஷ்பத்துக்குப் பச்சை அங்கியைப் போட்டு, தலையில் துணியைக் கட்டி, கண்ணில் சொட்டு மருந்தை விட்டு, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அதற்கு மேல் துணைக்கு வந்தவர் போக முடியாது. எத்தனையோ கதாநாயகர்களைக் கீறிப் பார்த்த அந்தப் பொம்பிளை அப்போது அங்கியின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். புருஷன் செத்த அன்றைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

“பயமா இருக்குய்யா” என்றாள்.

அவர் இடது பக்கமாக வந்து நின்றார். “நான் இங்கனதான் நிக்கேன்” என்றார்.

கலங்கின கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கண்ணால் அவள் பார்த்தாள். உதடும் பேச்சும் ஒன்றாகப் போயின.

உள்ளே என்ன செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை, கதவுக்கு வெளியே ஓர் ஆள் நிற்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அவர் அங்கே மின்னல் எதுவும் விடவில்லை, மலையாகவும் மாறவில்லை. மற்றவர்கள் உட்காரச் சொன்ன பிறகும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார் என்று பிறகு காவலாளி சொன்னார். மறுநாள் கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். தூசியில் போகக் கூடாது, கூட்டத்தில் போகக் கூடாது, முக்கியமாகச் சினிமா பார்க்கக் கூடாது, வலது கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது, ஆறு மாதம் கழித்து அதற்கும் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை மேட்னிக்குத் தங்கபுஷ்பம் கறுப்புக் கண்ணாடியோடு டிக்கெட் வாங்கினாள். அதைப் பார்த்து ஊரே டிக்கெட் வாங்கியது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தெளிவாகப் பார்த்தாள். இடது ஓரம் காலியாக இருந்தது. யாரும் அந்த இடத்தில் நகர்ந்து நிற்கவில்லை. முதல் காட்சியிலிருந்தே மின்னல்காரர் விரலை நீட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்க்கிறார், சிறகுக்காரி மாடியிலிருந்து குதிப்பதற்கு முன்னால் பார்க்கிறாள், நெஞ்சில் சூரியனை வைத்திருக்கிற தலைவருக்குக் கை நடுங்குகிறது, அவரும் பார்க்கிறார். முதல் தடவை இதையெல்லாம் அவள் எப்படி விட்டாளோ. கடைசிச் சண்டை வந்ததும் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். ராட்சதன் கை வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான்.

தங்கபுஷ்பம் எழுந்து வெளியே போனாள். நூறு பேர் பின்னாலேயே போனார்கள். தையல் கடைப் பலகைக்கு முன்னால் நின்று, பழைய விமர்சனத்தை முழுதாக ஒரு தடவை படித்தாள். அதை அழித்துவிடுவாள் என்று ஆவுடையப்பன் அண்ணாச்சி ஈரத் துணியோடு காத்திருந்தார். அவள் கடைசி வரியை மட்டும் அழித்தாள், மற்றதை அப்படியே விட்டாள், அதற்குக் கீழே எழுதினாள்: ‘கண் தெளிந்த பிறகும் சொல்கிறேன். எட்டாவது ஆள் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நிற்கிறார். அவர் நிற்பதால்தான் மற்ற ஏழு பேருக்கும் சண்டை போடத் தைரியம் வருகிறது. இவரை எடுத்துவிட்டால் படம் இல்லை.’

எட்டாமவர் அதைப் படித்தார். “இது பாவம் பார்த்து எழுதியதா?”

“நான் பாவம் பாத்து எழுத மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அடுத்த கண்ணுக்கு யாரு வருவா?” என்று கேட்டார். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் அவரை ஆவணிக்கும் ஐப்பசிக்கும் கேட்டு வைத்திருந்தவர்களுக்கு, தங்கபுஷ்பத்துக்கு நாம் ஒரு தடவைகூடத் துணைக்குப் போனதில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. “அது எங்க பாடு” என்றாள் தங்கபுஷ்பம். “நீங்க கிளம்புங்க. அவனுக்குக் கை வலிக்கி.”

டிக்கெட் கிழிக்கிறவர் வாசலில் குறுக்கே கையை நீட்டினார், வெளியே போனால் திருப்பி விடமாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேனே என்றார். “ஏய், நம்ம ஆளுடே” என்றார் அண்ணாச்சி. அப்புறம் அந்த நீலப் போர்வைக்கு நாங்கள் ஓர் அறிமுகக் காட்சி வைத்தோம். வாசல் திரையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் விலக்க, விசில் கூரையைப் பிய்க்க, தையல் கடையிலிருந்து அள்ளி வந்த வெட்டுத் துணியெல்லாம் வண்ண வண்ணமாகப் பறக்க, செல்லக்கனி குலவையிட, அவர் நடுவழியில் மெதுவாக நடந்து போனார். அப்படி ஒரு வரவேற்பு அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் கிடைத்ததில்லை. திரைக்குக் கீழே நின்று திரும்பிப் பார்த்து, “வாரேன்” என்றார். எல்லோரும் அவர் உதட்டைத்தான் பார்த்தார்கள், அது சரியாக அசைந்தது. போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, இடது ஓரத்தில் போய் நின்றார். ஏழு பேரும் எழுந்தார்கள். ராட்சதன் ஒரு பெருமூச்சு விட்டு, வானத்தை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, நன்றாக உதை வாங்கினான். வானம் பழையபடி விரிந்தது. எட்டாவது ஆள் கடைசி வரைக்கும் ஒன்றும் செய்யவில்லை. நீலப் போர்வைக்குக் கீழே அரைக்கைச் சட்டையின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வேறு படம் வந்தது. அது மோசமான படம், தங்கபுஷ்பமும் அப்படித்தான் எழுதினாள். அதற்கடுத்து வந்ததும் மோசம். அவளுக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்ததில் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குத்தான் கஷ்டம், ஓரத்தில் ஒளித்து வைத்த குறைகளையும் கண்டுபிடித்து எழுதினாள். அவர் மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆறு மாதம் கழித்துத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், அதே கண்ணாடிக் கதவுக்கு முன்னால், பச்சை அங்கியோடு தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். துணைக்கு யார் என்று நர்ஸ் கேட்டாள். சலவை வேட்டி சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக, வாழ்க்கையில் யாருக்கும் பின்னால் நின்று பழக்கமில்லாத ஆவுடையப்பன் அண்ணாச்சி கையைத் தூக்கினார். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முந்தின நாள்தான் அவருடைய தியேட்டர் படத்தைப் பற்றி, போஸ்டர் ஒட்டிய பசைக்கு ஆன செலவு வீண் என்று அவள் எழுதியிருந்தாள்.

“தங்கச்சி, நான் இப்பம் என்ன செய்யணும்?” என்றார்.

“ஒண்ணும் செய்யாண்டாம் அண்ணாச்சி” என்றாள் தங்கபுஷ்பம். “வலது பக்கமா வந்து சும்மா நில்லுங்க.”